பெனால்டி பாக்ஸில் புதைந்த லாரி

லுசாகா
செவ்வாய், மதியம்

அம்மாடி லுஷோமோ,

அப்பா எழுதுகிறேன். முழங்கால் வலி விட்டதா, அந்த ஊர்க் குளிர் பழகிவிட்டதா. இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம், எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போச்சு. சனிக்கிழமை மேட்சுக்குக் கிளம்பும் உங்கள் டீம் டாக்டரம்மா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ பரவாயில்லப்பா என்று வைத்துவிடுவாய், எனக்கு அது வேண்டாம்.

மேட்ச் பக்கத்து நாட்டுக்குப் போனதற்கு லாரிதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். லாரி இல்லை, நான். நம் ஸ்டேடியம் உனக்குத் தெரியாததா, ஒரு வாரம் பந்து, ஒரு வாரம் ஜெபக்கூட்டம், ஒரு வாரம் பதவியேற்பு. மேடைச் சாமான் ஏற்றிய லாரி வருவதற்கு முந்தின நாளே மேனேஜர் சிலுங்வே சொன்னான், "யோவ் ஹமூண்டே, இன்னைக்கு ஒரு சொட்டுத் தண்ணி விடாதய்யா, நாளைக்கு லாரி உள்ள வருது." ஒன்பதாவதில் வாத்தியார் பேச்சையே கேட்காமல் எழுந்து வந்தவன், இவன் பேச்சையா கேட்பேன். நாட்டுக்காக நீ ஆடும் முதல் மேட்ச், அதுவும் நான் வெட்டுகிற புல்லில், பச்சைப்பசேல் என்று இருக்கட்டும் என்று சாயங்காலம் வரை குழாயைத் திறந்துவிட்டேன். மறுநாள் லாரி வடக்கு பெனால்டி பாக்ஸில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது, இழுக்க வந்த டிராக்டரும் இறங்கிவிட்டது. மைதானம் சோதிக்க வந்தவர் பள்ளத்தை எட்டிப் பார்த்து, "இதுல மீன் வளக்கலாமே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். மேட்சும் போனது. உன் அம்மா உன் நம்பர் தைத்து வைத்திருந்த சிட்டெங்கே துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு நிஷிமாக் களி கிண்டுகிறாள். சாப்பிட உட்கார்ந்தால், "லுஷோமோ அப்பா, தண்ணி போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா" என்கிறாள்.

ஒரு காரியம் மட்டும் செய்தேன். அந்த ஊர் ஸ்டேடியத்தில் புல் வெட்டுகிறவன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இடது மூலையில் வழுக்குமாம், நீள ஆணி பூட்ஸ் போடு. நல்லவன்தான். "உங்க பொண்ணா அண்ணே, அப்ப முந்தின நாள் நல்லாத் தண்ணி விட்டுப் பளபளன்னு வச்சிடறேன்" என்றான். உன் காலில் விழுகிறேன், குழாய்ப் பக்கமே போகாதே என்றேன்.

நீ நல்லா இருக்க வேண்டும், உன் காலை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். முழங்கால் பட்டையை மறக்காதே. எங்களுக்கு பாஸ்போர்ட் இல்லை. மூன்று மணிக்கு நானும் அம்மாவும் அந்தப் பள்ளத்து ஓரமே ரேடியோவோடு உட்கார்ந்திருப்போம். கோல் அடித்தால் வடக்கே, நம் ஊர்ப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கு. ரேடியோவில் தெரியாது, ஆனாலும் தூக்கு.

உன் அப்பா,
ஹமூண்டே