எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே

கீரமங்கலம்

அன்புள்ள மாமாவுக்கு,

சுடர்விழி எழுதுகிறேன். நானும் நம் மகளும் நன்றாக இருக்கிறோம். குவைத் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யாதீர்கள். போனில் சொல்ல முடியாததை எழுதி, லீவு முடிந்து திரும்பும் ஆண்டிச்சாமி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பா உங்கள் சாயல். நெற்றி அப்படியே உங்களுடையது. பிறந்த அன்றே பெரியாஸ்பத்திரியில் இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவது. இன்னொன்று, என் ரத்தத்தில் அந்தக் கிருமி இருப்பதால் போட்டது. வீறிட்டு அழுதாள். பால் கொடுக்கவே பயமாக இருந்தது. நர்ஸம்மாதான், "ஊசி போட்டாச்சுல்ல, தாராளமாக் கொடும்மா" என்று மடியில் வைத்துவிட்டார்.

மாசமாக இருந்தபோது எடுத்த டெஸ்டில் ஹெபடைட்டிஸ் பி என்று வந்ததை உங்களிடம்தான் முதலில் சொன்னேன். "விசா மெடிக்கல்ல எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே வந்துச்சு, ஒனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டீர்கள். அப்போது அது எனக்கே தெரியாது. அதன்பிறகு அத்தையிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

டாக்டரம்மா ஒருநாள், "ஒங்க அம்மாவுக்குக் காமாலை, ஈரல் கோளாறு ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டார். வயிறு வீங்கி அம்மா இறந்துபோனதைச் சொன்னேன். கூடப் பிறந்தவர்களையும் சோதிக்கச் சொன்னார். நாகராசு அண்ணனிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். பூ மார்க்கெட்டிலிருந்து அப்படியே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கும் இருக்கிறது, மாமா. எங்களைப் பெறும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா.

ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அண்ணன், "நல்லதாப் போச்சு ஆத்தா. இனிமே ஒன்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது" என்றார். தனக்கு நோய் இருப்பது தெரிந்து ஒரு மனிதர் நிம்மதிப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அம்மாமேல் எனக்கு வருத்தமில்லை. அவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, எங்களுக்கு யாரும் ஊசி போடவில்லை. உங்கள்மேலும் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

என் ஈரலுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லையாம். விடாமல் செக்கப்புக்குப் போகவேண்டும். பாப்பாவுக்கு மீதி ஊசிகளை நாள் தவறாமல் போட்டுவிடுவேன். முதல் பிறந்தநாளை ஒட்டி அவள் ரத்தத்தைச் சோதிப்பார்களாம். அதுவரை எனக்கு நெஞ்சில் கல்தான். நீங்களும் அங்கே மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. உங்களுக்கு என்னால் எதுவும் வந்துவிடக் கூடாது.

அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. என்னையே வைக்கச் சொல்கிறார் அத்தை. அதை நீங்கள் என்னிடம் சொல்லித்தான் வைக்கவேண்டும். கூப்பிடுங்கள் மாமா.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
சுடர்விழி