வாளி மேல் உட்கார்ந்து பிடித்த மெட்டு

மார்ச் 2
இன்று பயிற்சியில் நான் கிளாரினெட்டை எடுத்து ஊதியதும் தெருவே நின்றுவிட்டது. ஒரு பஸ்கூட நின்றது. (நிறுத்தம் அங்கேதான். இருந்தாலும்.) எங்கள் பேண்டு மாஸ்டருக்கு மட்டும் காது மந்தம். இருபதாம் தேதிப் போட்டிக்குப் புது மெட்டு வேண்டுமாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், என்னிடம் நூறு கிடக்கிறது என்றேன். ஒன்றைக் கொண்டு வாரும், இல்லையென்றால் முதல் கிளாரினெட் இடம் உம் பக்கத்தில் ஊதும் குண்டனுக்கு, உமக்கு ஜால்ரா என்று சொல்லிவிட்டார். முப்பது வருடம் ஊதியவனுக்கு!

மார்ச் 5
நூறில் ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் 6
அக்கா மகளிடம் சொன்னேன். சிரித்தாள். "மாமா, நீங்க வாயை மூடினாத்தானே உள்ள இருக்கறது வெளிய வரும்? தினம் கால் மணி நேரம் சும்மா உக்காருங்க. எதையும் யோசிக்காதீங்க."
என்னைத் தாங்க முடியாமல் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பிலேயே அனுப்பிவிட்டது. இவள் பெரிய படிப்பு படித்தவள். கேட்டுத்தான் பார்ப்போம். அக்கா குடும்பத்தோடு குடிவந்து ஒரு மாதமான இந்த வீட்டில் சத்தமில்லாத இடம் குளியலறைதான். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் அசையவில்லை. (சரி, ஏழு நிமிடம்.) மனசுக்குள் சந்தைக்கடை.

மார்ச் 9
வந்துவிட்டது. காலை ஏழு மணி. மனசு ஒரு கணம் அடங்கியது, யாரோ காதில் வைத்துவிட்டுப் போனதுபோல் ஒரு மெட்டு. நிதானமாக ஏறுகிறது, ஏறி ஓரிடத்தில் பட்டென்று நிற்கிறது. நின்றதும் சுவர்ப்பக்கம் சரக், சரக் என்று ஏதோ சுரண்டுகிறது. எலியாக இருக்கும்.

மார்ச் 11
அதே மெட்டு. அதே இடத்தில் நிற்கிறது. அதே சரக். எலிப்பொறி வைக்கச் சொன்னேன். இந்த வீட்டில் ஏது எலி என்கிறாள் அக்கா. மனசு அடங்கினால்தான் சுரண்டுகிறது. என் மனசு அடங்கியது எலிக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 12
வாசலில் நின்று அந்தப் பாதி மெட்டை ஊதினேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா, கையில் தைத்துக்கொண்டிருந்த துணியோடு வந்துவிட்டார். எங்கே கேட்டீர்கள் என்றார். நானே போட்டது, இதெல்லாம் பிறவியில் வருவது என்று அளந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.
"அண்ணே, எங்க வீட்டுக்காரர் சவரம் பண்ணும்போது முணுமுணுக்கறது இது. உங்க குளியலறைச் சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் அவர் கண்ணாடி. கத்தி தொண்டைக்கு வந்ததும் நிறுத்திடுவார். மீதி என்னன்னு கேட்டா, தெரியலைன்னு சிரிப்பார்."
அவர் இறந்து மூன்று வருடமாம்.
கிளாரினெட்டைத் துடைத்து உள்ளே வைத்தேன். பெட்டியை இரண்டு தடவை பூட்டினேன். திருடர் பயம்தான்.

மார்ச் 13
உட்காரவில்லை.

மார்ச் 14
உட்காரவில்லை. ஆனாலும் பல் தேய்க்கும்போது மனசு தானாக ஒரு கணம் சும்மா இருந்துவிட்டது. சரக்.

மார்ச் 17
போட்டிக்கு மூன்று நாள்தான். வேறு வழி? உட்கார்ந்தேன். ஏறியது. நின்றது. சுரண்டியது. பிறகு, தண்ணீர் அள்ளி முகம் கழுவும் சத்தம். அப்புறம் மீதி வந்தது — முழுதாக. சத்தியமாக இது நான் போட்டதில்லை. எனக்கு இவ்வளவு நல்லதாக வராது. யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

மார்ச் 18
தையல்கார அம்மாவிடம் போய்ச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.
"அதை ஊதிடாதீங்கண்ணே. அது முடியாத வரைக்கும் அவர் அங்க நின்னு சவரம் பண்ணிட்டுத்தான் இருக்கார். தினம் காலையில நானும் கேக்கறேன். கத்திச் சத்தம் நின்னதும், மீதி காதுல விழுந்துடக் கூடாதுன்னு காதைப் பொத்திக்கிட்டு வெளிய வந்துடுவேன்."
 

மார்ச் 20
நேற்றுப் பயிற்சியில் மாஸ்டர் கேட்டார். மெட்டு ஒன்றும் வரவில்லை என்றேன். நூறு மெட்டுக்காரரே என்று எல்லோரும் சிரித்தார்கள். இன்று போட்டியில் குண்டன் முன்னால் நின்று பழைய மெட்டை ஊதினான், சுமார்தான். நான் பின்வரிசையில் ஜால்ரா. எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எனக்கே நஷ்டம் வரும்படி சொன்னது இது ஒன்றுதான்.

மார்ச் 21
காலை ஏழு. சரக் என்றதும் எழுந்தேன், வாளி உரசாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவர் நிதானமாகப் பண்ணட்டும்.