சந்தைக்குப் பின்புற மனை

மார்ச் 4

பொறியாளர் மகனுக்கு,

நலமாகவே இருக்கிறேன். உன் நகராட்சிக் குப்பைத் திட்டத்தை இருமுறை வாசித்தேன். ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரிப்பதும், அதை உரமாக்குவதும், மிஞ்சியதை மட்டும் புதைப்பதும் சரி. உரக்கிடங்கை மட்டும் ஊர்க்கோடியில் வைத்திருக்கிறாய். ஈரக் குப்பையில் பெரும்பகுதி சந்தையில் சேர்வது. அதை அவ்வளவு தூரம் சுமந்தால் டீசலே திட்டத்தை விழுங்கிவிடும். எரித்துவிடுவதே மலிவு என்று நகர்மன்றத்தார் சொல்வார்கள். பிறகு ஊரே புகையைத் தின்னும். சந்தையை ஒட்டி, நம் வீட்டுக்குப் பின்னால், நகராட்சி மனை சும்மா கிடக்கிறது. மூன்று பக்கமும் சரக்குக் கிடங்குகள். அது உன் கண்ணில் படவில்லையா?

அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

பட்டது. நான்காவது பக்கத்தில் உங்கள் படுக்கையறைச் சன்னல் இருப்பதும் பட்டது. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெற்றவள் தலைமாட்டில் குப்பையைக் கொட்டினான் என்ற பேர் எனக்கு வேண்டாம். இதை இத்தோடு விடுங்கள்.

உங்கள் மகன்

மார்ச் 29

மகனுக்கு,

விடவில்லை. மக்கள் கருத்துக் கூட்டத்தில் உன் திட்டத்தை எதிர்த்து நான் பேசியபோது நீ மேடையில்தான் இருந்தாய். "நாத்தம் வந்தா மொதல்ல சண்டைக்கு வரப்போறது நீங்கதானேம்மா?" என்று நகர்மன்றத் தலைவர் கேட்டார். "வரமாட்டேன். எழுதித் தரட்டுமா?" என்றேன். கைதட்டினார்கள். மனை முடிவாயிற்று. நீ என் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினாய்.

அம்மா

நவம்பர் 20

மகனுக்கு,

இதுவரை பதில் இல்லை. பின்னாலிருக்கும் உரக்கிடங்குக்கு உன் ஆட்கள் வருகிறார்கள், நீ வருவதில்லை.

ஊர் என்னைத் தியாகி என்கிறது. சும்மா கிடைத்த புண்ணியம். உன் அப்பா காலமான மாதத்தில் வந்த காய்ச்சலோடு என் மூக்கு செத்துவிட்டது. பூண்டு, தீய்ந்த பால், அவர் சட்டை எல்லாம் ஒன்றுதான். ஒப்பாரி வைக்கும் அளவுக்குப் பெரிய சங்கதி அல்ல என்பதால் சொல்லவில்லை.

ஆனால் ஒழுங்காகக் கிளறாத குவியல் நாறும். நாறினால் உள்ளே காற்றுப் புகவில்லை என்று அர்த்தம். மேற்பார்வையாளர் நாறவில்லை என்கிறார். வேறென்ன சொல்வார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். என் கட்டிலில் உட்கார்ந்து, நாறுகிறதா என்று சொல்லிவிட்டுப் போ.

அப்படியே அலமாரியையும் திற. அவர் சட்டையில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் துவைத்துவிடலாம்.

அம்மா