பெமாவின் மிளகாய்க் கறியும் உங்கள் விரதங்களும்

அன்புள்ள அம்மாவுக்கு,

குவைத்திலிருந்து சிவதர்சினி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

என் அறைக்கு பூட்டானிலிருந்து பெமா என்றொரு பிள்ளை வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பச்சைமிளகாயைப் பிளந்து, சீஸ் போட்டு அவித்து, "சோத்தோட சாப்பிடு" என்று தன் அரைகுறை இங்கிலிசில் சொல்லி நீட்டினாள். மிளகாயேதான் கறியாம்! நான் சைவம் என்று சொல்லியிருந்தும், உள்ளே கருவாடு கிடக்குமோ என்று கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனாலும் நான் விடவில்லை.

"ஏன் எனக்கும் சேத்துச் சமைக்கிறாய்?"

"ஒராளுக்கெண்டால் ஆர் அடுப்பு மூட்டுறது? நான் பட்டினிதான் கிடப்பன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உங்கள் மேல் சந்தேகம் வந்தது, அம்மா. நான் வெளிக்கிட்டு நீங்கள் வீட்டில் தனித்த பிறகு, எப்போது போன் எடுத்தாலும் "இண்டைக்கு விரதம், பிள்ளை" என்கிறீர்கள். செவ்வாயும் விரதம், புதனும் விரதம். அதெல்லாம் எந்தச் சாமிக்கு?

போனில் கேட்டால் கதையை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் என்னோடு வேலை செய்யும், லீவில் ஊருக்கு வரும் தேனுகாவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு சீஸ் டின்னையும் கொடுத்துவிடுகிறேன். நம் ஊர் வட்டக்கச்சியில் மிளகாய்க்கா பஞ்சம்? திரும்பும்போது அவளிடம் நம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள், பெமாவுக்கும் சேர்த்து.

வேலை வாகனம் ஹோன் அடிக்கிறது. தேனுகா உங்களோடு இருந்து சாப்பிடுவாள். சாப்பிட்டாயிற்று என்று கழுவின கோப்பையைக் காட்டி அவளை ஏமாற்ற வேண்டாம்.

மகள்,
சிவதர்சினி