நூல் எங்கே?

மார்ச் 1, ஞாயிறு
மகள் ஒருவனைக் கூட்டிவந்தாள். மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலையாம். கட்டினால் இவனைத்தான் கட்டுவாளாம். அவன் மேசைமேல் ஒரு கருவியை வைத்தான். கீழே குட்டி ஸ்பீக்கர், மேலே தட்டு. நடுவில் ஒரு தெர்மோகோல் மணியை விட்டான். விழவில்லை. அந்தரத்தில் நின்றது!

"காதுக்குக் கேக்காத சத்தம் மாமா. மேல போற அலையும் தட்டுல பட்டுத் திரும்புற அலையும் சேர்ந்து, நடுவுல அங்கங்க அடங்கி நிக்கும். மணி அங்க மாட்டிக்குது."

யாரிடம்? முப்பது வருடம் மேடையில் பெண்டாட்டியையே மிதக்கவிட்ட மேஜிக்காரன் நான். என் காதிலேயே பூச்சுற்றுகிறான். எங்கேயோ நூல் இருக்கிறது.

மார்ச் 8
கருவியோடு மறுபடி வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் மணிக்கு மேலே விரலை வீசினேன். பொத்தென்று விழுந்தது. "நூல் அறுந்துச்சு பாத்தியா!" என்று கத்தினேன். கை குறுக்கே வந்தால் அலை கலைந்துவிடுமாம். மாட்டிக்கொண்டவன் எவனிடம் காரணம் இல்லை? வெளியே போடா என்றேன். மகளும் கூடவே போய்விட்டாள்.

மார்ச் 9
மேசைக்கடியில் நூலைத் தேடினேன். இல்லை. கெட்டிக்காரன், எடுத்துப்போயிருப்பான்.

மார்ச் 14
மனைவி வெடித்தாள். "என்னை இரும்புக் கம்பில படுக்க வச்சு, மிதக்குறாள்னு ஊரை நம்ப வச்சீங்க. அந்தப் புள்ள நெசத்தைக் காட்டினா பொறுக்கலையா?"
இவளும் அவன் பக்கமா?

மார்ச் 19
மகள் போனை எடுப்பதில்லை. ஒன்று உறுத்துகிறது — நூலில் விரல் பட்டால் மணி முதலில் பக்கவாட்டில் இழுபடும். இது நேராக அல்லவா விழுந்தது? சே, வயசாகிவிட்டதா எனக்கு?

மார்ச் 24
டீ வடிகட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அவன் ஆய்வுக்கூடத்துக்கே போனேன். எந்த நூலும் கம்பி வலைக்குத் தப்பாது. "வலைக்குள்ள சத்தம் நுழைஞ்சு போயிரும் மாமா, மெதுவா விடுங்க" என்றான். மணிக்கு மேலே விட்டேன், கீழே விட்டேன். கொஞ்சம் நடுங்கியது, விழவில்லை. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரையே மிதக்கவிட்டான். பாத்திரத்தில் ஒட்டாமல் மருந்தைக் காயவைக்கத்தான் இவ்வளவு பாடாம். தண்ணீரை எந்த நூலில் கட்டுவது?

"தப்பு என் மேலதான் மாப்ளே. கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"

"வெள்ளிக்கிழமையே பதிவு பண்ணிட்டோம் மாமா. அத்தைதான் சாட்சி."

மார்ச் 25
வெள்ளிக்கிழமை பல் டாக்டரிடம் போகிறேன் என்றுதானே மனைவி போனாள்! புதுச் செருப்பு வேறு. எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை?

"என்னை ஏன் கூப்பிடலை?"

"வந்தா, கையெழுத்து போடுற பேனாவையும் கழட்டிப் பாப்பீங்க."

சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. ஒரே மகள். அவள் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்களாம். அப்பாதான் கதவைத் திறக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். திறக்கிறேன்.