ராமநாதன் சாரின் ரத்தம்

12 ஜனவரி 2004, திங்கள். முனிர்கா, டில்லி.

இன்று சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது.

ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறதா என்று சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் புதிய சோதனைதான் எங்கள் ஆராய்ச்சி. அது சரியானது என்று இன்னும் நிரூபிக்கவில்லை. அதனால் முடிவை வார்டுக்குச் சொல்லக் கூடாது. ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும்.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் ராமநாதன் சாரின் ரத்தத்தில் இன்று கிருமி தெரிந்தது. காலையில் ரத்தம் எடுத்தபோது, "லேசான காய்ச்சல்தாம்மா, டில்லிக் குளிரு இவருக்கு ஒத்துக்கல" என்றார் அவர் மனைவி. என் வழிகாட்டியிடம் சொன்னேன். "கல்ச்சர் வரட்டும்" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. நேராக வார்டு டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"பக்கா? நிச்சயம்தானா?" என்றார்.

"தெரியாது சார்" என்றேன்.

கிருமிக்கு மருந்து ஏற்றச் சொன்னார். நாளை கதிர்வீச்சு வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரண்ட் வைக்கிறத ஏம்மா நிறுத்துறாங்க? நடுவுல விட்டா கட்டி வளந்துடும்னாங்களே?"

கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். சோதனை தப்பென்றால், வெறும் குளிர்க்காய்ச்சலுக்காக அவர் சிகிச்சையைக் கெடுத்தவள் நான்.

நான் செய்தது சரியாக இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கப் போனேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அப்படிக் கேட்டால், அவர் ரத்தத்தில் கிருமி இருக்கட்டும் என்றல்லவா கேட்கிறேன்.