இடுப்புப் பட்டையில் ஒரு பெயர்

வெள்ளப் பருவம், இரண்டாம் மாதம், 4

தெற்கிலிருந்து படகில் கல் சவப்பெட்டி வந்து இறங்கியது. நம் மன்னர் சுசென்னெஸின் கல்லறைக்கு. உள்ளே வைக்கும் வெள்ளிப் பெட்டி புதிது. வெளியே வைக்கும் இந்தச் சிவப்புக் கல் பழையது. முன்னொரு காலத்தில் மெர்னெப்தா மன்னரை இதில்தான் புதைத்திருந்தார்கள். கல்லறையில் திருடியவனைக் கழுவேற்றுவோம். அரண்மனை எடுத்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு. ஏட்டில் அப்படித்தான் எழுதினேன்.

6

கல்லில் பழைய மன்னரின் பெயர் எல்லாம் அழிந்ததா என்று பார்த்து எழுதிக்கொடுப்பது என் வேலை. ஒன்று மிஞ்சினாலும் என் மூக்கை அறுப்பார்கள். செதுக்குபவன் நெஸ்அமுன். அவன் மைத்துனன் இரண்டு வருடமாக என் பதவிக்கு அலைகிறான். நெஸ்அமுன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எதற்கு?

9

இன்றும் சிரித்தான்.

15

மூடியில் படுத்திருக்கும் மன்னர் சிலையின் இடுப்பில் ஈரத் துணி போட்டிருக்கிறான். கேட்டால், "கல்லுக்குச் சூடு ஆகாதுங்க ஐயா" என்கிறான். ஒரு மாதம் படகில் வெயில் காய்ந்து வந்த கல்லுக்கு!

வீட்டில் சொன்னேன். தாபெஸ் வெங்காயம் உரித்தபடி, "துணிய எடுத்துப் பாத்தா தீந்துச்சு. எங்கிட்ட எதுக்குப் புலம்புறீங்க?" என்றாள். பயந்துதான் பார்க்கவில்லை என்று மனைவியிடம் சொல்ல முடியுமா?

16

பார்த்தேன். சிலையின் இடுப்புப் பட்டையில் மெர்னெப்தா பெயர். முழுசா. ஒரு எழுத்துகூட உதிரல. பாவி, என் மூக்க வெச்சு விளையாடறான் — மைத்துனன் யோசனைதான், வேற யாரு?

"மறந்துட்டியா, இல்ல என்னைக் கவுக்கப் பாக்குறியா?"

"மறக்கலங்க. பேரு ஒண்ணுகூட இல்லாட்டி அந்த மனுஷன் ரெண்டாம் தடவை செத்துருவாரு. அதான் ஒண்ணு விட்டேன். எல்லாருக்கும் விடுவேன்."

"எல்லாருக்குமா? இதுக்கு முன்னாடியுமா?"

"உங்க மூக்கு இன்னும் அங்கதானே இருக்கு?" என்றான். பிறகு, "நாளைக்கு உங்க பெட்டியையும் எவனாவது எடுப்பான். அவன் எப்படிப்பட்டவனா இருக்கணும் ஐயா?"

இப்போதே செதுக்கி எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

20

தலைமைப் பூசாரி பார்வையிட வந்தார். பட்டையைத் தடவினார். என் மூக்கு நுனி சில்லிட்டது. "அழகான வேலை" என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் வழக்கமில்லை. அந்தப் பதவிக்கு அது தேவைப்படுவதுமில்லை. எழுதிக்கொடுத்தேன்: பழைய பெயர் ஏதுமில்லை.

விதைப் பருவம், முதல் மாதம், 11

எனக்குச் செய்யச் சொல்லியிருந்த சவப்பெட்டி வந்தது. புது மரம் என்று தச்சன் சத்தியம் செய்தான். மூடியில் என் பெயர். அதனடியில் சுரண்டிய தடம். கால் பக்கம் யாரோ ஒரு பெண்ணின் பெயர், தெளிவாக.

"திருப்பி அனுப்புங்க" என்றாள் தாபெஸ்.

ஈரத் துணி ஒன்றை எடுத்து அந்தப் பெயரின் மேல் போட்டேன். மரத்துக்குச் சூடு ஆகாது என்றேன்.